பனடோலும் ரைலனோலும் ஒன்றுதான்

(சங்கத்தின் குடும்ப ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வைத்தியனல்ல. ஏ.எல். சோதனையோடு படிப்பு நின்றுபோனவன். ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். என்னை ஏன் மருந்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள் என்றால், நோக் குளிசையால் ஒரு இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தவன் என்பதால்தான்.

போன மாரியில் எனக்குக் காய்ச்சல், அதோடு நாரிப்பிடிப்பு. வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை. ஏஜென்சிக்காரன் அடுத்த கிழமை கூப்பிடவும் மாட்டான். இது உங்களில் கனபேருக்குத் தெரிந்த கதை. ஆகவே 500 மில்லிகிராம் ரைலனோல் இரண்டிரண்டாக மூன்று தரம் போட்டேன். மனைவி தடிமனுக்கென்று சுடுநீரில் கரைக்கும் மருந்தை இரண்டு தரம் தந்தா. அம்மா, "இந்த நாட்டு மருந்து கேக்காது தம்பி" என்று சொல்லி, கொழும்பிலிருந்து கொண்டுவந்த பனடோலில் இரண்டு தந்தா. எல்லாம் ஒரே நாளில்.

வேலைக்குப் போகிற வழியில் இன்னொரு போத்தல் ரைலனோல் வாங்கப் பாமசிக்குள் போனேன். அங்கே நின்ற தமிழ்ப் பிள்ளை, "அண்ணா, இண்டைக்கு வேறை என்ன போட்டனீங்கள்?" என்று கேட்டா. சொன்னேன். ஒரு கடதாசியில் கணக்குப் போட்டா. ரைலனோல் 3000, தடிமன் பைக்கற் 650 படி இரண்டு 1300, பனடோல் 1000. மொத்தம் 5300.

"எல்லாத்துக்குள்ளையும் இருக்கிறது ஒரே சாமான் அண்ணா."

ஊரில் நாங்கள் பரசிற்றமோல் என்பதை இங்கே அசற்றமினோபின் என்கிறார்கள். பனடோல், ரைலனோல், கனக்கத் தடிமன் மருந்துகள், எல்லாவற்றிலும் அதுதான். வளர்ந்த ஒருவர் 24 மணித்தியாலத்தில் 4000 மில்லிகிராமுக்கு மேல் எடுக்கக் கூடாது. 500 குளிசை என்றால் எட்டு. ஈரலில் வருத்தம் உள்ளவர்களும் நாளாந்தம் குடிப்பவர்களும் அந்த எட்டையும் நம்பக் கூடாது, வைத்தியரைக் கேட்க வேண்டும்.

"எனக்கு ஒண்டும் செய்யேல்லையே" என்றேன். அதுதான் பயம் என்றா அந்தப் பிள்ளை. முதல் நாள் ஒன்றும் தெரியாதாம். ஈரல் பழுதாவது இரண்டு மூன்று நாளில்தான் வெளியே காட்டுமாம். மாற்று மருந்து உண்டு, ஆனால் எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு விடிய விட்டார்கள். எனக்குப் போனது ஒரு நாள் சம்பளம் மட்டுந்தான். கனடாவில் வருடத்துக்கு 4000 பேருக்கு மேல் இந்த மருந்து கூடிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று ஹெல்த் கனடா சொல்லியிருக்கிறது. அதில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் என்னைப்போல் தெரியாமல் எடுத்தவர்.

தாய்மார் இதைக் கவனியுங்கோ. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லிலீற்றரிலேயே 80 மில்லிகிராம். பெரிய பிள்ளைகளின் பாணி மருந்தில் 5 மில்லிலீற்றருக்கு 160. சொட்டு மருந்தைத் தேக்கரண்டியால் ஊற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். பெட்டியோடு வருகிற பீச்சாங்குழலால்தான் அளக்க வேண்டும், பிள்ளையின் நிறையைப் பார்த்து. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் காய்ச்சலுக்கு அஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

அட்வில் வேறு மருந்து, அதன் பெயர் ஐபுபுரோபன். வைத்தியரைக் கேட்காமல் எடுப்பதென்றால் ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம்தான், அதாவது 200 குளிசை ஆறு. வெறு வயிற்றில் போட்டுவிட்டு மெசினுக்கு முன்னால் நிற்கிற எங்கடை பெடியளுக்கு வயிற்றுப்புண் வருவது இதனாலும்தான். பிரசருக்கு மருந்து எடுக்கிறவர்கள், சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் பாமசியில் கேட்காமல் தொடக் கூடாது.

கேட்பதற்குக் காசு இல்லை. 811 அடித்தால் இரவு பகலாகத் தாதி ஒருவர் கதைப்பார். கூட எடுத்துவிட்டோம் என்று சந்தேகம் வந்தால், உடம்புக்கு ஒன்றும் செய்யாவிட்டாலும் 1-844-764-7669 என்ற நஞ்சுத் தகவல் நிலையத்துக்கு அடியுங்கோ. இங்கிலீஸ் வராது என்று யோசிக்காதேயுங்கோ, "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை எடுத்துத் தருவார்கள். அடிக்கும்போது போத்தலும் பைக்கற்றும் கையில் இருக்கட்டும். முதலில் கேட்பது அதில் எழுதியிருக்கிற பெயரையும் மில்லிகிராமையும்தான்.