படலமும் சகரமும்: ஒலிவாங்கியின் கேப்சூலை மாற்றிப் பார்த்த பட்டறிவு



மொழியைப் பற்றிப் பேசும் இம்மேடையில் ஒரு கருவியைப் பற்றிப் பேச வந்துள்ளோம். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றோர் இயலை வகுத்து, உந்தியிலிருந்து எழும் காற்று எவ்வுறுப்புகளில் பட்டு எவ்வெழுத்தாகப் பிறக்கிறது என்று விளக்கினார். பிறந்த ஒலி வாயை விட்டு நீங்கியபின் அதற்கு நேர்வது என்ன என்பதை இன்று பார்ப்போம்.

ஜொகூர்த் தோட்டங்களில் வாழ்ந்த முதியோரின் தாலாட்டையும் பேச்சையும் பாசிர் கூடாங்கில் ஒரு சிற்றறையில் பதிவு செய்யத் தொடங்கினோம். கையில் இருந்தது விலை மலிவான ஒரு மின்தேக்கி ஒலிவாங்கி. முதற்பதிவைக் கேட்டபோதே குறை தெரிந்தது. சோறு, சாமி, சந்தை என்று சகரம் சொல்லுக்கு முதலில் வரும்போதெல்லாம் காதில் ஊசி தைப்பதுபோல் சீறியது. பச்சை, மச்சான் என்று இரட்டித்து வருமிடத்தில் அக்குறை இல்லை. சொல் முதற்சகரம் நம் பேச்சில் உரசொலி. அதன் ஆற்றல் பெரும்பாலும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அமைகிறது. அப்பகுதியைக் கருவி மிகைப்படுத்தியது என்று உணர்ந்தோம்.

ஒலிவாங்கியின் தலைப்பகுதியில் வட்டமாக இருப்பதே கேப்சூல். பொன் பூசிய மெல்லிய நெகிழிப் படலம் ஒன்று, துளையிட்ட பின்தகட்டுக்கு முன்னே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். படலத்தின் தடிமன் ஏறக்குறைய 6 மைக்ரான். தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு எனலாம். உலகப் பட்டத் திருவிழா நடக்கும் பாசிர் கூடாங் மக்களுக்கு இதை விளக்குவது எளிது. பட்டத்தின் தாள் தளர்ந்தாலும் மிகையாக இறுகினாலும் காற்றை ஏற்பது மாறிவிடும். படலமும் அத்தகையதே. ஒலியால் அது அசையும்போது பின்தகட்டோடு உள்ள இடைவெளி மாறுகிறது, அம்மாற்றமே மின்குறிப்பாகிறது.

இவ்வகை ஒலிவாங்கியை 1916இல் அமெரிக்காவில் வென்டே என்பார் உருவாக்கினார். 1928இல் பெர்லினில் கியோர்க் நாய்மன் அதை விற்பனைக்குக் கொணர்ந்தார். அவரது நிறுவனத்தின் யு 47 என்னும் கருவி 1949இலும், யு 67 என்பது 1960இலும் வந்தன. யு 67இன் கேப்சூல் இயல்பாகவே உச்ச ஒலிகளை உயர்த்தித் தரும். அவ்வுயர்வைத் தணிக்கும் ஏற்பாடு அதன் மின்சுற்றில் இருந்தது. பின்னாளில் பல மலிவுக் கருவிகள் அக்கேப்சூலின் வடிவை மட்டும் பின்பற்றின. தணிக்கும் சுற்றைச் சேர்க்கவில்லை. எம் கருவியின் சீற்றத்திற்குக் காரணம் இதுவே.

ஆகவே யு 47இன் வழிவந்த கே 47 வகை மாற்றுக் கேப்சூல் ஒன்றை வாங்கினோம். மாற்றுவதில் கவனம் வேண்டும். பழைய வகையில் இரு பக்கப் படலங்களுக்கும் தனித்தனிப் பின்தகடுகள் உண்டு. புதிய வகையில் இரண்டிற்கும் ஒன்றே பொது. எனவே கம்பி இணைப்பு எல்லாச் சுற்றுக்கும் பொருந்தாது. எம் கருவி முன்பக்கப் படலத்தை மட்டும் பயன்படுத்துவதால் தொல்லை எழவில்லை. படலத்தை விரலால் தொடலாகாது, வாயால் ஊதலாகாது.

இரண்டையும் ஒப்பிடும் முறையிலும் ஒழுங்கு வேண்டியிருந்தது. ஒருவர் ஒரே வாக்கியத்தை இருமுறை ஒன்றுபோல் படிப்பதில்லை. ஆதலால் ஒரே பதிவை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்து இரு கேப்சூல்களிலும் எடுத்தோம். பின்னர் ஒரே ஆசிரியரை, ஒரு சாண் தொலைவில் அமர்த்தி, மும்முறை படிக்கச் செய்தோம். உரக்க ஒலிப்பதே நன்று எனக் காது மயங்கும் என்பதால் ஒலியளவைச் சமன் செய்தோம். எது எக்கேப்சூல் என்று கூறாமல் மாணவர்களைக் கேட்கச் செய்தோம்.

சகரத்தின் சீற்றம் புதிய கேப்சூலில் தணிந்திருந்ததை ஏறத்தாழ எல்லாரும் கூறினர். ஆனால், நாங்கள் எதிர்பார்த்த மற்றொன்று நிகழவில்லை. சில மாணவர்களின் ழகரம் பதிவில் யகரம்போல் கேட்டதற்கும் கருவியே காரணம் என்று நம்பியிருந்தோம். புதிய கேப்சூலிலும் அது அப்படியே கேட்டது. ழகரத்தை வேறுபடுத்தும் அடையாளங்கள் பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளன. அப்பகுதியைப் பழைய கேப்சூலும் செம்மையாகவே தந்திருந்தது. குறை கருவியில் இல்லை, நாவில் இருந்தது. நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருடும் பயிற்சியை ஆசிரியர்தாம் தரவேண்டும். கருவியின்மீது பழி போட்டுக் காலம் கழித்தமைக்காக வெட்கினோம்.

இன்னொரு பாடமும் கிடைத்தது. மழைக்கால மாலையொன்றில் புதிய கேப்சூல் படபடவென்று வெடிப்பொலி எழுப்பியது. கெட்டுவிட்டதோ என்று அஞ்சினோம். கடலோர ஊரின் ஈரக்காற்றால் காப்புப் பகுதியில் நுண்ணீர் படிந்து மின்னேற்றம் கசிந்ததே காரணம். ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட பெட்டியில் இரண்டு நாள் வைத்தபின் ஒலி தெளிந்தது. அன்று அவசரப்பட்டு மாற்றியிருந்தால் நல்லதொரு கேப்சூலை எறிந்திருப்போம்.

இறுதியாக ஒன்று. பல்லிழந்த முதிய அம்மையார் ஒருவர் தாலாட்டுப் பாட வந்தார். புதிய கேப்சூலில் அவரது சகரமும் தகரமும் மங்கிக் கேட்டன. பழையதை மீண்டும் பற்றவைத்துப் பொருத்தினோம். எந்தச் சீற்றத்தைக் குறையென்று ஒதுக்கினோமோ, அதுவே அம்மையாரின் சொற்களுக்குத் தெளிவு தந்தது. அவர் பாடிய வரிகளை ஒருமுறையிலேயே பேரப்பிள்ளைகள் எழுதிக்கொண்டனர்.

ஆசிரியப் பெருமக்களே, எக்கருவி சிறந்தது என்று மாணவர் கேட்டால், யாருடைய குரலுக்கு என்று திருப்பிக் கேளுங்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டு முதியவரின் குரலைப் பதிவு செய்ய நல்ல கருவி வரட்டும் எனக் காத்திராதீர்கள். கைப்பேசி போதும். கேப்சூலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். போன குரலை மீட்க இயலாது.