இணையமும் இல்லத்தின் அந்தரங்கமும்

புனே நகரின் நடுவே சனிவார் வாடா என்னும் பழைய அரண்மனை நிற்கிறது. பேஷ்வா முதலாம் பாஜிராவ் 1730-ஆம் ஆண்டில் அதற்குக் கால்கோள் செய்தார். அதன் வடக்கு வாயிலுக்கு டில்லி தர்வாஜா என்று பெயர். யானைகள் முட்டித் தகர்க்காதபடி அந்தக் கதவில் கூரிய இரும்பு முட்களைப் பதித்திருக்கிறார்கள். எனினும் 1773-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் தேதி, இளைஞரான பேஷ்வா நாராயணராவ் அந்தக் கதவுக்கு உள்ளேயே, காவலுக்கு இருந்தவர்களின் கையால் மாண்டார். அவரைப் பிடிக்கும்படி எழுதிய கட்டளையில் ஓர் எழுத்தை யாரோ மாற்றிவிட, பிடிக்கச் சொன்ன சொல் கொல்லச் சொல்லும் சொல்லாயிற்று என்று மராத்திய நாட்டில் ஒரு கதை வழங்குகிறது. கதை முழுவதும் மெய்யோ அன்றோ, அதன் படிப்பினை மெய். கதவு எத்தனை வலியதாயினும், வந்த செய்தியைச் சரிபாராத இடத்தில் அது காவாது.

இந்தப் படிப்பினை அரசர்களுக்கு மட்டும் உரியதாக இருந்த காலம் போய்விட்டது. நம் இல்லங்களில் இன்று இரண்டு வாயில்கள் இருக்கின்றன. ஒன்று தெருவை நோக்கியது. அதற்குத் தாழ்ப்பாள் உண்டு. மற்றொன்று நம் கையிலுள்ள தொலைபேசி. அது உலகம் முழுவதையும் நோக்கித் திறந்திருக்கிறது. வங்கிக் கணக்கு, குழந்தைகளின் புகைப்படம், மருத்துவரின் குறிப்பு, உறவினர்களின் முகவரி எல்லாம் அந்தச் சிறு கருவிக்குள் அடங்கியிருக்கின்றன. அந்த வாயிலை எவ்வாறு காப்பது என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

இதற்கு விடை காண நாம் தொலைவு போக வேண்டியதில்லை. புனே நகரத்தின் அண்மைக்கால வரலாறே போதும். 1988-இல் சி-டாக் என்னும் கணினி ஆய்வு நிறுவனம் இங்கே தோன்றியது. 1991-இல் ‘பரம்’ என்னும் மீத்திறன் கணினியை அது நாட்டுக்கு அளித்தது. ஹிஞ்ஜவடியிலுள்ள தொழில்நுட்பப் பூங்காவில் தமிழ் இளைஞர்களும் பெருந்தொகையினராகப் பணிபுரிகிறார்கள். கணினியறிவில் சிறந்த இந்நகரம் கணினி வழியான மோசடிகளையும் கண்டிருக்கிறது.

2005-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் புனே போலீசார் ஒரு வழக்கைப் பிடித்தனர். அமெரிக்காவிலுள்ள சிட்டி வங்கி வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் உதவி செய்யும் பணியிலிருந்த, அல்லது அப்பணியிலிருந்து விலகிய சிலர், அந்த வாடிக்கையாளர்களிடம் நயமாகப் பேசி அவர்களுடைய இரகசிய எண்களைப் பெற்றார்கள். ஏறத்தாழ மூன்றரை லட்சம் டாலரைப் புனேயில் பொய்ப் பெயர்களில் தொடங்கிய கணக்குகளுக்கு மாற்றிக்கொண்டார்கள். இதில் கணினியை உடைக்கும் வித்தை எதுவும் இல்லை. திறவுகோலைக் கேட்டார்கள், உரியவர்களே கொடுத்துவிட்டார்கள்.

2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் மற்றொன்று நடந்தது. தடுப்பூசித் தயாரிப்பில் உலகப் புகழ் பெற்ற புனே சீரம் நிறுவனத்தில், நிறுவனத் தலைவரின் பெயரில் வந்த வாட்ஸாப் செய்தியை நம்பி, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் முன்பின் அறியாத கணக்குகளுக்கு அனுப்பப்பட்டுவிட்டது. செய்தி அவரிடமிருந்து வரவேயில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது. கணக்கர்களும் அதிகாரிகளும் நிறைந்த நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், தனியாக வீட்டில் இருக்கும் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் கையில் இல்லாத ஆபத்துகளும் உண்டு. 1906-இல் புனேயில் தொடங்கிய காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் கணினி அமைப்புக்குள் 2018 ஆகஸ்டில் திருடர்கள் புகுந்தார்கள். போலி அட்டைகளைக் கொண்டு 28 நாடுகளில் பணம் எடுத்தும், ஹாங்காங்குக்கு மாற்றியும், ஏறக்குறைய 94 கோடி ரூபாயைக் கவர்ந்தார்கள். வாடிக்கையாளர்களின் கணக்குகளுக்குச் சேதமில்லை என்று வங்கி அறிவித்தது. அப்படிப்பட்ட கோட்டைகளைக் காப்பது வங்கிகளின் பொறுப்பு, அரசின் பொறுப்பு. வீட்டு வாயிலைக் காப்பது நம் பொறுப்பு.

அந்தரங்கம் என்பதை நாம் பொதுவாக ஒரு தனி மனிதரின் உடைமையாகவே எண்ணுகிறோம். குடும்பத்தில் அது கூட்டுச் சொத்து. பேரன் தன் பள்ளிச் சீருடையுடன் எடுத்த படத்தை நாம் எல்லோரும் பார்க்கும்படி இட்டால், அவன் எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்பதை ஊருக்குச் சொல்லிவிடுகிறோம். குடும்பத்துடன் யாத்திரை போகும் நாளிலேயே படங்களை வெளியிட்டால், வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அறிவிக்கிறோம். பிறந்த நாள், சொந்த ஊர், தாயாரின் பெயர் ஆகியவை பல இடங்களில் நம் அடையாளத்தைச் சோதிக்கக் கேட்கும் கேள்விகளுக்கு விடைகள். ஒருவர் கவனமின்றித் தந்த சிறு துணுக்கும் மற்றொருவர் தந்த துணுக்கும் சேர்ந்து முழுச் சித்திரமாகிவிடுகின்றன. அந்தச் சித்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவன் நம் பெயரையும் ஊரையும் சரியாகச் சொல்லுவான். நாமும் அவனை அதிகாரி என்று நம்பிவிடுவோம்.

இனி, அவன் பேசும் முறையைக் கவனிப்போம். அண்மை ஆண்டுகளில் ‘டிஜிட்டல் கைது’ என்று ஒரு மோசடி பரவியிருக்கிறது. ஒருவன் போலீஸ் உடையுடன் காணொளியில் தோன்றுவான். உங்கள் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் அகப்பட்டிருக்கிறது என்பான். அல்லது உங்கள் கணக்கில் கள்ளப் பணம் புழங்கியது என்பான். கருவியை அணைக்கக் கூடாது, அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பான். வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்பான். இந்தக் கடைசிக் கட்டளையில்தான் அவனுடைய தந்திரம் முழுவதும் இருக்கிறது. கூட்டத்திலிருந்து ஒரு மானைப் பிரித்த பிறகே வேட்டை விலங்கு பாய்கிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு கைது இல்லவே இல்லை என்பதை, 2024 அக்டோபர் 27-ஆம் தேதி பிரதமர் தம் வானொலி உரையிலேயே எடுத்துக் கூறினார். நின்று, சிந்தித்து, பிறகு செயலில் இறங்குமாறு அறிவுறுத்தினார்.

ஆகவே அந்தரங்கத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு என்று நாம் உணர வேண்டும். வெளியாரிடம் மறைக்க வேண்டியவை சில. வீட்டாரிடம் மறைக்கக் கூடாதவை சில. இந்த இரண்டையும் நாம் பல வேளைகளில் தலைகீழாக்கிவிடுகிறோம். ஓ.டி.பி. என்னும் ஒருமுறை எண்ணை முகம் தெரியாதவனிடம் சொல்லுகிறோம். ஏமாந்ததைப் பெற்ற மகனிடம் சொல்ல வெட்கப்படுகிறோம். பிள்ளைகளும் அப்படியே. ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஒருவன் மிரட்டினால், அப்பா அடிப்பார் என்ற அச்சத்தால் மேலும் மேலும் அவனுக்கு உட்படுகிறார்கள். வீட்டில் உள்ள பயமே வெளியிலுள்ள கயவனுக்கு முதலாகிறது. ‘எது நேர்ந்தாலும் முதலில் எங்களிடம் சொல், கோபம் கொள்ள மாட்டோம்’ என்ற உறுதியைப் பெரியவர்கள் கொடுக்க வேண்டும், கொடுத்த பின் காக்க வேண்டும். முதியவர்களுக்குப் பிள்ளைகளும் அதே உறுதியை அளிக்க வேண்டும். எந்தப் பூட்டிலும் பெரிய பூட்டு இது.

பிள்ளைகள் புனேயிலும் பெற்றோர் கும்பகோணத்திலும் மதுரையிலுமாக வாழும் குடும்பங்கள் பல. அவர்களுக்கு ஒரு சிறிய யோசனை. குடும்பத்தாருக்கு மட்டும் தெரிந்த குறிச்சொல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒருவரது குரலையே போலச் செய்துவிட முடிகிறது. ‘விபத்தில் சிக்கிக்கொண்டேன், உடனே பணம் அனுப்பு’ என்று மகனின் குரல் கேட்டாலும், குறிச்சொல்லைக் கேட்டுப் பாருங்கள். அல்லது பேச்சைத் துண்டித்து, அவனுடைய பழைய எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். வங்கியின் பெயரைச் சொல்லி வந்த அழைப்புக்கும் இதே முறைதான். வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணுக்கு நாமே பேச வேண்டும்.

மற்றப் பழக்கங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை; அதைக் கேட்பவன் பணம் பறிக்கவே கேட்கிறான். கடவுச்சொற்கள் நீளமாகவும் ஒன்றுக்கொன்று வேறாகவும் இருக்கட்டும். இரண்டாம் சோதனை வைக்கும் வசதியையும் பயன்படுத்துக. யாரோ சொன்னார்கள் என்று, நம் திரையைப் பிறருக்குக் காட்டும் செயலிகளை ஏற்கலாகாது. விளக்கு எரிக்கும் செயலி ஒன்று நம் தொடர்பு எண்களைக் கேட்டால், எதற்கு என்று எண்ணிப் பார்த்து மறுக்கலாம். இணைய முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நாராயணராவின் கதையை அப்போது நினைவுகொள்வது நன்று. ஆதார் நகல் கொடுக்க நேர்ந்தால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலையே கொடுக்கலாம். அரசு அந்த வசதியைச் செய்திருக்கிறது.

சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தனிநபர் தரவுகளைக் காக்கும் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் ஏற்பாடுகளில் ஒன்று. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி அவை அமைந்திருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாற நேர்ந்தால், அழுதுகொண்டிருக்க நேரமில்லை. 1930 என்ற எண்ணுக்கு உடனே பேச வேண்டும்; வங்கிக்கும் அறிவிக்க வேண்டும். திருடிய பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை, கைமாறிக்கொண்டே போகும். எத்தனை விரைவில் சொல்லுகிறோமோ அத்தனை தொகையை இடையில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வெட்கத்தால் தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் திருடனுக்கு நாம் தரும் கொடை. இந்த எண்ணை வீட்டிலுள்ள எல்லாருக்கும், முக்கியமாகத் தனியே இருக்கும் பெரியவர்களுக்கு, எழுதிக் கொடுத்து வைக்க வேண்டும்.

இன்றிரவு உணவுக்குப் பின் குடும்பத்தார் அனைவரும் சற்று நேரம் உட்கார்ந்து மூன்று விஷயங்களைத் தீர்மானித்துக்கொள்ளலாம். எந்தெந்தச் செய்திகளை வெளியே சொல்வதில்லை என்பது ஒன்று. குடும்பத்தின் குறிச்சொல் எது என்பது மற்றொன்று. யாரேனும் நம்மை அவசரப்படுத்தினாலோ அச்சுறுத்தினாலோ வீட்டில் முதலில் யாரிடம் சொல்வது என்பது மூன்றாவது. இதற்குக் காசு செலவில்லை, கணினியறிவும் வேண்டுவதில்லை. ஒருவரோடொருவர் மனம் விட்டுப் பேசும் குடும்பத்தில் ஒருவரைத் தனியே பிரிப்பது எளிதன்று.