வீட்டு வாசலில் தொடங்கும் பயணம்



பெங்களூரு அல்சூரில் வீடு, சேலத்தில் சொந்தபந்தம். கல்யாணம், காதுகுத்து, துக்கம் எதுவானாலும் ஓடியாக வேண்டும். 2023 அக்டோபரில், சிறு நகரங்களை விமானத்தில் இணைக்கும் உடான் திட்டத்தின் கீழ் பெங்களூரு – சேலம் விமான சேவை தொடங்கியதும், ‘இனி பஸ் எதற்கு?’ என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெங்களூரு விமான நிலையம் உள்ள தேவனஹள்ளியில் இருந்து சேலம் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 160 கிலோமீட்டர். இந்தத் தடத்தில் பறக்கும் ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வரை போகும். அப்படியானால் இருபது நிமிடத்தில் சேலம் வந்துவிட வேண்டும். கால அட்டவணையிலோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருக்கும்.

காரணம் இதுதான். விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் இருந்து, சேலத்தில் போய் நிற்கும் வரை உள்ள நேரம் முழுவதும் அட்டவணையில் அடக்கம். தேவனஹள்ளியின் இரண்டு ஓடுபாதைகளும் கிழக்கு மேற்காக அமைந்தவை. சேலமோ தெற்கே இருக்கிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து, முறை வரும்வரை நின்று, கிழக்கிலோ மேற்கிலோ ஏறி, பிறகுதான் விமானம் தெற்கே திரும்பும். முழு வேகத்தை எட்டிக் கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும்.

இனி தரைக்கு வருவோம். 2008 மே மாதம் வரை அல்சூர்வாசிகளுக்கு விமான நிலையம் பக்கத்திலேயே, எச்.ஏ.எல்.லில் இருந்தது. ஆறேழு கிலோமீட்டர்தான். இப்போது தெற்கே போக வேண்டியவர் முதலில் வடக்கே 35 கிலோமீட்டர் போகிறார். நெரிசலில் அதற்கே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பை போட, சோதனை முடிக்க இரண்டு மணி நேரம் முன்னதாக இருப்பது நல்லது. அட்டவணை நேரம் ஒரு மணி. இறங்கும் இடம் ஓமலூர் பக்கம் காமலாபுரம். அங்கிருந்து சேலம் நகருக்கு இன்னும் அரை மணிக்கு மேல். கூட்டினால் ஐந்து மணி நேரம்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சாலையில் சேலம் சுமார் 200 கிலோமீட்டர். தொப்பூர் கணவாயில் லாரிகள் மறிக்காவிட்டால் பஸ்ஸில் நான்கு, நான்கரை மணி நேரத்தில் ஊர் சேரலாம். அந்த பஸ்ஸும் ஓமலூரைத் தாண்டித்தான் போகிறது!

அதற்காக விமானமே வீண் என்று சொல்லவில்லை. தூத்துக்குடியைப் பாருங்கள். வான்வழி ஏறத்தாழ 500 கிலோமீட்டர். சாலையில் 600-ஐ நெருங்கும், ஓர் இரவு முழுவதும் பயணம். தரையில் செலவாகும் நேரம் சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பறக்கும் நேரம் மட்டும் அரை மணி, முக்கால் மணி கூடும். வயதானவர்கள், உடம்பு முடியாதவர்கள் உள்ள குடும்பங்களுக்கு அதில் மிச்சமாகும் நேரம் பெரிய நிம்மதி.

விமானத்தில் தொலைவு கூடக் கூடத்தான் லாபம்.  அல்சூரில் இருந்து சேலத்துக்கு பஸ்ஸே மேல்.

ஆகவே நேயர்களே, டிக்கெட் எடுக்கும் முன் அட்டவணை நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டு வாசலில் இருந்து உறவினர் வீட்டு வாசல் வரை மொத்த நேரத்தையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.