கணிதம் கற்பித்தலில் இணையவழி வளங்கள்: மல்லாவி அனுபவம்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், மல்லாவியில் கணித ஆசிரியராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு இக்கல்லூரியில் என் படிப்பு நின்றது. அடுத்த ஆண்டு மல்லாவியில் ஒரு கொட்டிலில் படித்தேன். மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்குத்தான். கவராயம் இல்லாதபடியால் ஆசிரியர் மண்ணில் தடி நட்டு, கயிறு கட்டி வட்டம் கீறினார். வில்லொன்று மையத்தில் எதிரமைக்கும் கோணம், பரிதியில் எதிரமைக்கும் கோணத்தின் இரு மடங்கு என்பதை அந்த மண்ணில்தான் கற்றேன்.

இன்று அதே ஊரில் அதே தேற்றத்தை 'ஜியோஜீப்ரா' மூலம் படிப்பிக்கிறேன். ஒஸ்திரியாவின் மார்க்கஸ் ஹோகன்வாற்றர் 2001இல் உருவாக்கிய இலவச மென்பொருள் இது. ஒருமுறை கணினியில் இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே இயங்கும். பரிதியிலுள்ள புள்ளியை இழுத்தால் புள்ளி ஓடும், கோணம் 50 பாகையிலேயே நிற்கும். ஒருநாள் ஒரு பிள்ளை அதை மற்ற வில்லுக்கு இழுத்துவிட்டாள். கோணம் 130 ஆயிற்று. "ரீச்சர், ஏன் மாறினது?" என்றாள். வட்ட நாற்பக்கல் பாடம் அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிட்டது.

ஆனால் 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது வேறொன்றும் கற்றேன். வீட்டுக்கு ஒரு கைபேசி. அதுவும் காலையில் அப்பாவோடு வயலுக்குப் போய்விடும். ரீலோட் போடக் காசில்லை. ஈ-தக்சலாவவில் பாடங்கள் உண்டு, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் உண்டு. இருந்தும் பல பிள்ளைகளுக்கு அவை எட்டவில்லை. எட்டியவர்களுக்கும், விளங்காத இடத்தில் கேட்க ஆள் இல்லை. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியில்லாவிட்டால் தாதியர் பயிற்சிக்குக்கூட விண்ணப்பிக்க முடியாது. எங்கள் பெண்பிள்ளைகள் இழப்பது அதைத்தான்.

"ரப்லெற் வாங்கி அனுப்பவா?" என்று தோழிகள் கேட்கிறார்கள். அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட வேண்டியது உங்கள் குரல். தரம் 10, 11 பாடநூலில் ஆளுக்கு ஓர் அலகை எடுங்கள். எங்கள் பேச்சுத் தமிழில் பத்து நிமிட விளக்கமாகப் பதிவு செய்து அனுப்புங்கள். பென் டிரைவில் போட்டு வகுப்பில் காட்டுவதும், வீட்டுக்குக் கொடுத்துவிடுவதும் என் பொறுப்பு. வாரத்தில் ஒரு மணித்தியாலம் பிள்ளைகளின் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள்.

இது பெரிய காரியமா என்று எண்ண வேண்டாம். உலகமே பார்க்கும் 'கான் அகடமி'யும், 2004இல் சல்மான் கான் தூரத்தில் இருந்த தன் மைத்துனிக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்ததில்தான் தொடங்கியது. எங்கள் தங்கைமார் மல்லாவியில் காத்திருக்கிறார்கள்.