இளஞ்சிறார்க்குத் தாள உணர்ச்சி
(நம் சங்க ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"இப்பிள்ளைக்குத் தாளம் வாராது" என்று பெற்றோர் தம் வாயாலேயே தீர்ப்புக் கூறி, ஆறு திங்களில் இசைப் பயிற்சியை நிறுத்திவிடும் வழக்கம் நம் இல்லங்களிற் காணப்படுகின்றது. அச்சொல்லை ஒருமுறை கேட்ட பிள்ளை, பின்னர்ப் பலர் கூடிப் பாடும் பசனையிலும் வாய் திறவாது ஒதுங்கி நிற்கும். குறை பெரும்பாலும் பிள்ளையினிடத்தன்று, பயிற்றும் முறையினிடத்தேயாம் என்பதை ஈண்டு விளக்குவாம்.

தாளமாவது காலத்தை அளக்குங் கோல். நம் முன்னோர் அவ்வளவையை உடம்பினின்றே கொண்டனர். தொல்காப்பியனார் மாத்திரைக்கு அளவு கூறுமிடத்துக் கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையுமே காட்டினார். குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை என வகுப்பில் மனப்பாடஞ் செய்யும் சிறுவன், தான் தாளத்தின் வாயிலில் நிற்பதை அறியான். அதனை அறிவித்தல் ஆசிரியர் கடன்.

ஆதலின் முதலிற் பாட்டு வேண்டா, நடையே வேண்டும். பிள்ளைகளை வலக்கால் முன்வைத்து வட்டமாக நடக்கவிட்டு, அடிக்கு ஓரெழுத்தாகத் "தகதிமி" எனச் சொல்லச் செய்க. ஒவ்வொரு முறையும் "த" வலக்காலிலேயே விழும். பின்னர்த் "தகிட" எனச் சொல்லச் செய்க. இப்பொழுது "த" வலமும் இடமுமாக மாறி மாறி விழும். நான்குக்கும் மூன்றுக்கும் உள்ள வேற்றுமையைக் கணக்குச் சொல்லுமுன்னரே கால் உணர்ந்துகொள்ளும். ஏட்டிலக்கணங் கல்லாத நம் பாட்டியர் கும்மியில் அடி தவறாதது இவ்வுணர்ச்சியாலன்றோ?

அதன்பின் ஆதி தாளம். அதன் 8 எண்ணிக்கையுள் ஓசையெழத் தட்டுவன 3 மட்டுமே. எஞ்சிய 5-இல் மூன்று விரலெண்ணல், இரண்டு வீச்சு. பிள்ளைகள் பிழைபடுவது இவ்வோசையற்ற இடங்களிலேதான். ஒலியில்லாவிடத்துக் காலமும் இல்லையென மயங்கி விரைந்துவிடுவர். ஆகவே வாய்மூடிக் கையால் மட்டும் நான்கு சுற்று எண்ணுவித்து, ஐந்தாஞ் சுற்றின் முதல் தட்டில் எல்லோரையும் "த" எனச் சொல்லச் செய்க. ஒருங்கே ஒலிக்கும் நாளில் அவர்தம் மகிழ்ச்சியே சிறந்த ஆசிரியராகும்.

இறுதியாக, சரளி வரிசையை மூன்று காலத்திற் பாடுங்கால், எண்ணிக்கையொன்றுக்கு 1, 2, 4 சுரமாக வாய் விரையலாம். கை விரைதல் கூடாது. ஆனால், "ஆண்டுவிழாவில் மேடையேற்றுக" எனப் பெற்றோர் நெருக்கவே, முதற்காலம் நிலைபெறுமுன் ஆசிரியர் இரண்டாங் காலத்திற்குத் தாவுகின்றனர். தடுமாறுங் கையை அடித்துத் திருத்துவாரும் உளர். அஞ்சிய உடம்பிற் காலம் நில்லாது.

ஆகவே சங்கத்தாரை யாம் வேண்டுவன இரண்டு: நம் இசை வகுப்பில் முதல் மூன்று திங்கள் தாளப் பயிற்சியே நடைபெறுக, தாளம் வாராதென்று எப்பிள்ளையையும் நீக்காதிருப்பீராக. பெற்றோரை வேண்டுவது ஒன்றே: மாலையிற் பத்து நிமிடம் பிள்ளையுடன் அமர்ந்து நீவிரும் தாளமிடுக. பொறுமையாகிய தாளத்தை முதலில் நாம் தவறாது போடுவோமாயின், பிள்ளைகள் தம் தாளத்தைத் தாமே போடுவர்.