எட்டால் வகுத்தல்

தொலைபேசித் தடத்தின் வேகத்தையும் கணனித் தட்டின் வேகத்தையும் ஒப்பிட முற்படுவோர் வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த எஸ்.ரீ.-506 என்னும் வன்தட்டுக்கும் கணனிக்கும் இடையிலிருந்த வாயிலின் வேகம் செக்கனுக்கு 5 மெகா. 1986இல் நியமமாக்கப்பட்ட ஸ்கசி என்னும் இடைமுகத்தின் உச்ச வேகமும் செக்கனுக்கு 5 மெகாவே. இலக்கம் ஒன்று, பொருள் வேறு. முன்னது மெகாபிற்று, பின்னது மெகாபைற்று. எட்டுப் பிற்றுகள் சேர்ந்ததே ஒரு பைற்று ஆதலின், பின்னது முன்னதினும் எட்டு மடங்கு விரைவானது.

இவ்விரு கணக்குகளும் எவ்வாறு பிறந்தன? பிற்று என்பது ஒன்று அல்லது பூச்சியம் என்னும் ஒற்றைக் குறி. கம்பியிலே குறிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செல்வதால், தொலைத்தொடர்பு வல்லுநர் பிற்றையே எண்ணினர். கணனி அமைத்தோரோ ஓர் எழுத்துக்கு ஒரு பைற்று என நினைவகத்தில் இடம் ஒதுக்கினர். முதல் ஸ்கசி வடத்தில் தரவுக்கென எட்டுக் கம்பிகள் அருகருகே ஓடின. ஒரு துடிப்பில் ஒரு முழுப் பைற்று கடந்தது. அவர்கள் பைற்றை எண்ணியதில் வியப்பில்லை. எஸ்.ரீ.-506இலோ குறிகள் ஒற்றை வரிசையிற் சென்றன. எனவே தட்டுக் குடும்பத்திற் பிறந்திருந்தும், அதன் வேகம் தொலைபேசிக்காரரின் கணக்கிலேயே சொல்லப்பட்டது.

தொலைபேசிக்காரரின் கணக்கு நுட்பமானது. 1962இல் பெல் தொலைபேசி அமைப்பு ரீ-1 என்னும் தடத்தை அமெரிக்காவிற் சேவைக்குக் கொணர்ந்தது. மனிதக் குரலைச் செக்கனுக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவுக்கும் எட்டுப் பிற்று இடம் ஒதுக்கினால், ஒரு குரலுக்கு 64,000 பிற்றுகள் வேண்டும். ரீ-1 தடம் 24 குரல்களை முறைவைத்து அனுப்புகிறது. ஒரு சுற்றுக்கு 192 பிற்றுகள். ஒரு சுற்று எங்கே தொடங்குகின்றதென மறுமுனைக்கு உணர்த்த எல்லைக்கல் போல மேலும் ஒன்று, ஆக 193. இதனை 8,000ஆற் பெருக்கினால் 15 இலட்சத்து 44 ஆயிரம். ஏடுகளில் 1.544 மெகாபிற்று எனக் காணப்படும் வேகம் இதுவே.

இதனைத் தட்டுக்காரரின் மொழிக்கு மாற்ற எட்டால் வகுத்தால் ஓர் இலட்சத்து 93 ஆயிரம் பைற்று வரும். அதுவும் முழுதும் கைக்கு வருவதில்லை. எல்லைக்கல் தடத்துக்கே உரியது. அதனைத் தட்டில் எழுத முடியாது. அதை நீக்கினால் எஞ்சுவது ஓர் இலட்சத்து 92 ஆயிரம் பைற்று. முகவரிக்கும் பிழைச் சோதனைக்கும் செல்வது இதற்குள்ளேயே அடங்கும். ஐரோப்பாவிலும் இலங்கை, இந்தியா முதலிய நாடுகளிலும் வழங்கிய ஈ-1 தடத்தில் 32 இடங்கள் உள, வேகம் 2.048 மெகாபிற்று. அங்கும் ஓர் இடம் தடத்தின் ஒழுங்குக்கென ஒதுக்கப்படுகிறது.

எட்டை மறந்தால் நேர்வது என்ன? ஓர் அலுவலகம் தன் கணக்கேடுகளின் பிரதியை ரீ-1 தடத்தின் வழியே இரவுதோறும் வேற்றூருக்கு அனுப்பி வைக்க எண்ணுகின்றது எனக் கொள்வோம். தட்டுகளில் உள்ளவை 1,600 கோடி பைற்றுகள். 1.544 என்பதை மெகாபைற்று எனக் கொண்டு திட்டமிடுபவர், மூன்று மணித்தியாலத்துக்குள் வேலை முடியும் என்பார். உண்மையில் அது 23 மணித்தியாலத்துக்கும் மேல் எடுக்கும். இரவு கழிந்து, மறுநாள் அலுவலும் முடிந்திருக்கும், பிரதியோ முற்றுப்பெற்றிராது. அன்று பகலில் நெருப்போ வெள்ளமோ அந்த அலுவலகத்தைத் தொட்டால் வேற்றூரில் இருப்பது அரைகுறை ஏடு. நெல்லைப் புசலில் வாங்கிக் கொத்தில் விற்கும் வணிகன் இத்தகைய பிழையை ஒருநாளும் செய்யான். இரு அளவைகளும் அவன் கண்முன்னே கிடக்கின்றன.

எட்டோடு மயக்கம் தீர்ந்துவிடவில்லை. தொலைத்தொடர்பில் கிலோ என்றால் என்றும் ஆயிரம். நினைவகத்திலோ 1,024 என்பதே நெடுங்கால வழக்கு. இரண்டையும் பிரித்தறிய, சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு 1998இல் கிபி, மெபி என்னும் புதுப் பெயர்களை வகுத்தும் பழைய பழக்கம் எளிதில் விடவில்லை. 1.44 மெகாபைற்று எனப்பட்ட நெகிழ்தட்டு இதிற் பெரிய வேடிக்கை. அதன் கொள்ளளவு 1,440 மடங்கு 1,024. அதாவது 14 இலட்சத்து 74 ஆயிரத்து 560 பைற்று. ஆயிரத்தையும் ஆயிரத்து இருபத்து நான்கையும் ஒரே பெயருக்குள் மணம் முடித்து வைத்த பெருமை அதற்குண்டு! ரீ-1 தடத்தில் அதனை முழுதும் அனுப்ப 7.68 செக்கன் ஆகும்.

வாயிலின் வேகம் வேறு, தட்டு உண்மையாகத் தரும் வேகம் வேறு என்பதும் அறியத்தக்கது. எஸ்.ரீ.-506 வகைத் தட்டு நிமிடத்துக்கு 3,600 முறை சுழன்றது. பழைய தனியாள் கணனிகளில் ஒரு சுற்றுப்பாதையில் 512 பைற்றுக் கொண்ட பிரிவுகள் 17 இருத்தல் வழக்கம். பெருக்கினால் செக்கனுக்கு 5 இலட்சத்து 22 ஆயிரத்து 240 பைற்று. வாயிலோ 6 இலட்சத்து 25 ஆயிரத்துக்கு இடங்கொடுத்தது.

பின்னர் ஒளியிழைகள் வந்தன. ஓ.சி.-3 என்னும் ஒளித்தடம் 155.52 மெகாபிற்று, எட்டால் வகுக்க 19.44 மெகாபைற்று. 1990களில் வழங்கிய அகன்ற விரைவு ஸ்கசியின் உச்சம் 20 மெகாபைற்று. ஊர்விட்டு ஊர் செல்லும் தடமும், பெட்டிக்குள் ஒரு முழ வடமும் ஏறக்குறைய சமமாய் நின்ற காலம் அது. ஒளித்தடத்திலும் சட்டகச் செலவு போக எஞ்சுவது 18.72 மெகாபைற்று.

ஒரு பழைய இறுவட்டு 74 நிமிடத்துக்குரிய தரவைக் கொள்ளும். ஒற்றை வேகத்தில் செக்கனுக்கு 1,53,600 பைற்று வாசிக்கப்படும். ரீ-1 இதனினும் காற்பங்கே விரைவானது. ஆகவே முழு இறுவட்டும் அத்தடத்திற் செல்ல 59 நிமிடமும் 12 செக்கனும் ஆகும். ஓ.சி.-3 ஒளித்தடத்தில் அதே வட்டு ஏறத்தாழ 36 செக்கனில் மறுகரை சேரும்.