மலைநாட்டாரும் கடற்பாதையும்

(அம்பிட்டியவில் நடைபெற்ற ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு நமது அங்கத்தவர் சிலரை அழைத்துக்கொண்டு காலிக்குச் சென்றிருந்தோம். அங்கே கோட்டைக்குள், ஒல்லாந்தர் கட்டிய பழைய பண்டகசாலையில், கடல் நூதனசாலை இருக்கிறது. அதன் வாசலில் நின்று ஒரு தம்பி, "மலையிலே பிறந்த நமக்குக் கப்பற் சரித்திரம் எதற்கு?" என்று கேட்டார். கடுகண்ணாவை வளைவுகளில் வாந்தியெடுத்துக் களைத்துப் போயிருந்தவர் அவர், அவர்மீது குற்றமில்லை. அன்று நாம் ஏதோ ஒரு விடை கூறினோம். அது நமக்கே திருப்தியளிக்கவில்லை. அந்த விடையைத் திருத்திச் சொல்வதற்கே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

காலித் துறைமுகத்தில் 1659ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கம்பெனியின் கப்பலொன்று மூழ்கிற்று. அவொண்ட்ஸ்டர் என்பது அதன் பெயர். மாலை வெள்ளி என்று பொருள். நம் காலத்தில் சுழியோடிகள் அதனைச் சேற்றினின்றும் அகழ்ந்து, கயிறு, மரத்துண்டு, பீங்கான் என ஒவ்வொன்றாக வெளியே கொணர்ந்தனர். வெளியே எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அப்பொழுதுதான் ஆபத்துத் தொடங்குகிறது. பல நூறாண்டு நீரில் ஊறிய மரத்தை வெயிலில் உலர்த்தினால் அது சுருங்கி வெடித்துவிடும். நன்னீரில் நெடுநாள் ஊறவைத்து உப்பை நீக்கி, மெழுகு போன்ற ஒரு பொருளை மெல்ல மெல்ல ஏற்றி, அதன் பிறகே உலரவிட வேண்டும். இரும்புப் பீரங்கிக்கு மின்சாரம் பாய்ச்சி உப்பை இழுக்கிறார்கள். பிள்ளை வளர்ப்பது போன்ற பொறுமை இதற்கு வேண்டும். இவ்வளவு பாடுபட்டுக் காத்த பொருள்களிற் பலவற்றை 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலை மறுபடியும் வாரிக்கொண்டு போயிற்று. எஞ்சியவற்றை இடிபாடுகளிடையே தேடியெடுத்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

அதே காலி நகரத்தில் 1911ஆம் ஆண்டில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்த கல்லொன்றைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்து இருந்தது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொணர்ந்த கல் அது. அதில் உள்ள ஆண்டு 1409. தமிழ்ப் பகுதி யாரைப் போற்றுகிறது தெரியுமா? தேவேந்திரமுனையில் எழுந்தருளியிருந்த, திருமாலின் அவதாரமெனப் போற்றப்பட்ட தெனாவரை நாயனாரை! பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் நீளுகிறது. அக்கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்துவிட்டனர். கோயில் போயிற்று, கல் கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. எத்தனை வண்டிகள் அதன்மேல் ஓடினவோ! அதைத் தற்செயலாக ஒருவர் பார்த்திராவிட்டால், சீனத்துத் தளபதி நமது மொழியில் நமது கடவுளுக்கு எழுதுவித்தான் என்பதை யார் நம்புவார்?

கடல் கண்டிக்கு வராத பொருளும் அன்று. 1660இல் கொட்டியாரத்தில் சிறைப்பட்ட ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகள் இந்த மலைகளில்தான் வாழ்ந்தான். 1944இல் கடற்படைத் தளபதி மவுண்ட்பேற்றன் தமது தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்திலேயே அமைத்தார். ஆனால் இவர்களுக்காக நாம் கவலைப்பட வேண்டியதில்லை. இவர்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நமது கவலை வேறு.

இங்கிலாந்திலே கிறீனிச் என்னும் இடத்தில் 'கட்டி சார்க்' என்றொரு பாய்க்கப்பல் இருக்கிறது. 1869இல் கட்டப்பட்டு, சீனத் தேயிலையை இலண்டனுக்கு ஏற்றிச் சென்றது. 2007இல் அதில் தீப்பிடித்தபோது பெரும்பொருள் செலவிட்டுப் புதுப்பித்து, 2012இல் மறுபடி திறந்தார்கள். நல்ல காரியம், நாம் குறை கூறவில்லை. அக்கப்பல் பிறப்பதற்கு இரண்டாண்டு முன்னர்தான் இங்கே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிடத் தொடங்கினார். அக்காலத்திலும், அதற்கு முந்திய கோப்பிக் காலத்திலும், நமது பாட்டன்மாரும் பாட்டிமாரும் தொண்டியிலும் பாம்பனிலும் வள்ளம் ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே ஏறக்குறைய நூற்றைம்பது மைல் நடந்து மாத்தளை வழியாக இம்மலைகளை அடைந்தார்கள். தேயிலை சுமந்த கப்பலுக்கு ஒரு மாளிகை. தேயிலை நட்டவர்களைச் சுமந்த வள்ளத்தின் ஒரு பலகையைக்கூட நாம் எங்கும் கண்டதில்லை.

வடக்கிலும் இதே கதைதான். வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று, 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறையை அடைந்தார்கள். நமது கையால் செய்த கப்பல் அத்திலாந்திக்கைக் கடந்தது. அந்தக் கப்பல் இன்று எந்த நூதனசாலையிலும் இல்லை.

கம்பளைக்கு அருகே, பழைய லயத்திலேயே, தோட்டத் தொழிலாளருக்கென 2007இல் ஒரு நூதனசாலை ஏற்பட்டது. அம்மி, கூடை, கவ்வாத்துக் கத்தி எல்லாம் வைத்துப் பேணுவதற்கு ஓரிடம் உண்டு என்பதற்கு அதுவே அத்தாட்சி. கடற்பயணத்துக்கும் அப்படி ஓரிடம் வேண்டாமா?

பெரியோர்களே, பிற்காலத்தில் வந்தவர்களின் கழுத்தில் எண் பொறித்த தகர வில்லையொன்றைக் கட்டியனுப்பினார்கள் என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சில வீடுகளில் அது இன்னும் தகரப் பெட்டியின் அடியில் கிடக்கக்கூடும். இராமானுஜம் கப்பற் பயணச் சீட்டு, மண்டபம் முகாமில் கொடுத்த காகிதம், எதுவானாலும் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். எந்தத் துறையில் ஏறினோம் என்று பாட்டி சொன்ன ஞாபகம் இருந்தால், இப்பிள்ளைகளைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வரும் விடுமுறையில் திருகோணமலைக் கடற்படை நூதனசாலைக்குப் போவதாக இருக்கிறோம். அந்தத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்களின் குண்டுகளால் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிற்று. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் அங்கே நிறைய உண்டு. கோணேசர் தரிசனமும் கிடைக்கும். வர விரும்புவோர் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம். காலி வாசலில் கேள்வி கேட்ட தம்பிக்கு முன் ஆசனம் ஒதுக்கியிருக்கிறோம். வளைவுகள் இந்தப் பாதையிலும் உண்டு.